போச்சு என்று சொல்ல அதிகாரம் உள்ளவர்

பால் திரிந்தால் போச்சு என்கிறோம். பஸ் கிளம்பிவிட்டால் போச்சு என்கிறோம். விருந்தாளி வந்த நேரம் பார்த்துக் கரண்ட் நின்றால் வீடே சேர்ந்து போச்சு என்கிறது. நாக்கு உள்ளவர் எல்லாரும் ஓசியில் பயன்படுத்தும் இந்தச் சொல்லை உச்சரிக்க ஒரே ஒரு மனிதருக்கு மட்டும் உரிமை உள்ள இடம் ஒன்று இருக்கிறது. நான் கார் வாங்கிய கம்பனியின் சர்வீஸ் சென்டர்தான் அது. வண்டி விற்கும்போது இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

என் தொழில் மூக்குக்கண்ணாடி. கடைக்கு ஒருவர் வந்து எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றால், அவரை நாற்காலியில் உட்காரவைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா, அதுல தெளிவா?" என்று கேட்பேன். மங்கல் உங்கள் மனப்பிரமை என்று இதுவரை யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அப்படி அனுப்பலாம், அதற்குப் பெயர் வாடிக்கையாளர் சேவை என்று தெரியாமல் இத்தனை காலம் கடை நடத்தியிருக்கிறேன்.

என் காருக்கு வந்த நோய் இது. கிளம்பும்போது ஏ.சி. ஜோராகக் குளிரும். எஞ்சின் சூடேறி, ஊர் எல்லையைத் தாண்டும் சமயத்தில் முன்பக்கம் கரகரவென்று ஒரு சத்தம் கேட்கும். அப்புறம் காற்று வரும், குளிர் வராது. நிழலில் நிறுத்தி ஆறவிட்டால், ஒன்றும் அறியாத பிள்ளைபோல மறுபடி குளிரும். வேறு ஒருவராக இருந்தால் ஜன்னலை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். எனக்கு அக்கா இருந்தாள்.

அக்கா கணக்கு டீச்சர். நரம்பில் ஒரு நோய் வந்து நீண்ட விடுப்பில் இருந்தாள். மருந்தில் பெரும்பாலும் தேறிவிட்டாள். ஆனால் உடம்பு சூடானால் கால் அவள் பேச்சைக் கேட்காது. நின்ற இடத்தில் மடங்கிவிடும். குளிர்ந்தால் சொன்னபடி நடக்கும். மற்றவர்களுக்குக் கார் ஏ.சி. சொகுசு, இவளுக்கு அது ஊன்றுகோல். வேலைக்குத் திரும்ப வேண்டுமானால் இவள் பெரிய ஊரில் மருத்துவக் குழுவின் முன்னால் நேரில் போய் நிற்க வேண்டும். தேதியும் வந்துவிட்டது, அதுவும் கோடையின் நடுமண்டையில். கதவிலிருந்து மேஜைவரை நடந்து காட்ட வேண்டும். நடந்தால் பள்ளிக்கூடம். மடங்கினால் வீடு, அதுவும் நிரந்தரமாக.

வாடகைக் காரில் போகலாமே என்பீர்கள். ஒருமுறை போனோம். பாதி வழியில் டிரைவர் "வண்டி சூடாகுதுங்க" என்று ஏ.சி.யை நிறுத்தினார், இறங்கும்போது அக்காவை நான் தூக்கவேண்டி வந்தது. இரவல் கார் கேட்கலாமே என்றால் அதற்கு அவள் சம்மதிக்கவில்லை. "நம்ம காரு வாசல்ல நிக்கும்போது நான் எதுக்குடா அடுத்தவன் வாசல்ல போய் நிக்கணும்?" என்றாள். ஆகவே கம்ப்ரஸரோ ஏதோ, எது கெட்டிருந்தாலும் மாற்றிவிடுவோம் என்று சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் குளிர் எலும்பைத் தொட்டது. ஊரிலேயே உருப்படியாக வேலை செய்த ஏ.சி. அங்கேதான் இருந்தது. அது வேறு கம்பனி ஏ.சி.

வரவேற்பில் இருந்த பெண் நெஞ்சில் கைவைத்தாள். "வாங்க சார். உங்க புன்னகைக்கு இன்னைக்கு நாங்க என்ன செய்யலாம்?"

"ஏ.சி. ரிப்பேர்மா."

புன்னகை அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் பயந்தன. "சார், அந்த வார்த்தை இங்க யூஸ் பண்றதில்ல. வண்டியோட அனுபவத்துல ஏதாவது வித்தியாசம் தெரியுதுங்களா?"

"தெரியுது. வேர்க்குது."

வாடிக்கையாளர் வெதுவெதுப்பான அனுபவம் பெறுகிறார் என்று டேப்லெட்டில் தட்டிக்கொண்டு, என்னை ஆலோசகரிடம் அனுப்பினாள். ஆலோசகர் என்பவர் வண்டியைச் சரிசெய்பவர் அல்லர். சரிசெய்வதைப் பற்றி ஆலோசிப்பவர். அவர் என் காரில் ஏறி, பட்டறையிலிருந்து வாசல் கேட்வரை ஓட்டி, திரும்பி வந்தார். சோதனை ஓட்டத்துக்குக் கம்பனி வகுத்த எல்லை அந்த கேட்.

"பிரமாதமா குளிருது சார்."

"ஊர் தாண்டினாத்தான் நிக்கும் தம்பி."

"ஊர் தாண்டி நாங்க போறதில்ல சார்."

"நான் போறேனே?"

"அது உங்க விருப்பம் சார்."

வண்டியைக் கழுவினார்கள். ஃபில்டரை மாற்றினார்கள். கேஸை எடுத்துவிட்டு அதே அளவு கேஸை நிரப்பினார்கள். உள்ளே எலுமிச்சை வாசனை தெளித்தார்கள். அந்த வாரம் ஊர் எல்லையில் எனக்கு எலுமிச்சை வாசனையோடு வேர்த்தது.

அடுத்த முறை நான் கொஞ்சம் விவரமானேன். ஏ.சி. நின்ற நிலையிலேயே, எஞ்சினை அணைக்காமல், சூடு ஆறுவதற்குள் நேராகப் பட்டறைக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன். நீலச் சட்டை போட்ட மெக்கானிக் ஒருவர், வழிமுறை என்ன என்று யோசிக்க நேரமில்லாமல், இரண்டு மீட்டர் வைத்த கருவியைக் கொண்டுவந்து ஒரு நீலக் குழாயையும் ஒரு சிவப்புக் குழாயையும் மாட்டிவிட்டார்.

"இறங்க வேண்டிய முள்ளு இறங்கல, ஏற வேண்டிய முள்ளு ஏறல," என்றார். "கேஸ் இருக்கு, ஃபேன் ஓடுது. கம்ப்ரஸர் போச்சு சார்."

பட்டறை நின்றது. ஸ்பேனர் சத்தம் நின்றது. யாரோ கையிலிருந்த நட்டைக் கீழே போட்டார்கள். ஆலோசகர் ஓடிவந்து எனக்கும் மெக்கானிக்குக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"இவர் சொன்னது உங்க காதுல விழல சார்."

"விழுந்துச்சே."

"விழுந்திருக்க முடியாது சார். இங்க ஒரே சத்தம்."

மெக்கானிக்கை இரண்டு பேர் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போனார்கள். எங்கே என்று கேட்டேன். மொழிப் பயிற்சிக்கு என்றார்கள்.

என்னைப் பொது மேலாளரின் அறையில் உட்காரவைத்தார்கள். அவர் கழுத்திலிருந்து இறங்கிய டை மேஜைக்கு அடியில் எங்கேயோ போய் முடிந்தது. வீட்டில் அக்காவிடம் பேசும்போது நான் அவரை டைக்காரர் என்றே குறிப்பிட்டேன். இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். அவர் வருவதற்குள் வண்டி ஆறிவிட்டது. ஏ.சி. குளிர்ந்துகொண்டிருந்தது. துரோகி.

"சார், போச்சுங்கறது சாதாரண வார்த்தை இல்ல," என்று டைக்காரர் ஆரம்பித்தார். "ஒரு பார்ட்டைப் போச்சுன்னு சொல்லிட்டா நாங்க மாத்தணும். மாத்தினா மேல கேப்பாங்க, ஏன் போச்சுன்னு. அப்ப நாம செஞ்சது போகக்கூடிய பொருளா? போகக்கூடிய பொருளைச் செய்யற நாம யாரு? இப்படி எங்கியோ போயிடும் சார். இது கம்ப்ரஸர் பிரச்சினை இல்ல, நம்பிக்கைப் பிரச்சினை. அதனால அந்த வார்த்தையைச் சொல்ற அதிகாரம் எங்க மண்டலத் தலைவருக்கு மட்டும்தான். பெரியவர் அவர் வாயால சொல்லணும்."

"எழுதிக் கொடுத்தாப் போதாதா?"

"எழுதினா ஆதாரம் ஆயிடுமே சார்."

"சரி, அவர் இதுவரைக்கும் எதுக்காவது சொல்லியிருக்காரா?"

"ஒரு தடவைகூட இல்ல," என்றார் டைக்காரர். சொந்த மகன் பரீட்சையில் முதலாவதாக வந்ததைச் சொல்லும் பெருமை அந்தக் குரலில் இருந்தது.

அப்படியானால் கெட்டுப்போகும் பொருள்கள் என்ன ஆகின்றன என்று கேட்டேன். அவை கெட்டுப்போவதில்லை, சுபாவம் மாறுகின்றன என்றார். பிரேக் கீச்சென்று கத்துவது பிரேக்கின் சுபாவம். கதவு மூடாதது கதவின் சுபாவம். என் கம்ப்ரஸர் வெயிலில் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும் சுபாவமுள்ளது.

"அது செத்துக்கிட்டு இருக்குங்க," என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன் சார். போயிட்டிருக்கு வேற, போச்சு வேற. வாரன்டிங்கறது, போன பொருளுக்குத்தான். போயிட்டிருக்கற பொருளுக்கு இல்ல."

"போயிட்டிருக்கறது ஒருநாள் போயிடுமே, அப்ப?"

"அப்ப வாரன்டியும் போயிருக்கும் சார்," என்றார் பக்கத்தில் நின்ற ஆலோசகர். அந்தக் கட்டடத்துக்குள் நான் கேட்ட இரண்டாவது உண்மை அது. டைக்காரர் அவரை முறைத்த முறைப்பில், மொழிப் பயிற்சிக்கு இன்னொரு ஆள் கிடைத்துவிட்டார் என்று புரிந்தது.

வெளியே இரண்டு மூன்று பட்டறைகளில் கேட்டுப்பார்த்தேன். பானெட்டைத் திறந்து கம்பனி சீலைப் பார்த்ததும் திறந்த வேகத்தில் மூடினார்கள். "இதுல நாங்க கை வெச்சா, நாளைக்கு ஹாரன் அடிக்கலைன்னாலும் எங்களைத்தான் சொல்வாங்க," என்றார் ஒருவர். அந்த மாடலுக்கான கம்ப்ரஸர் கடைகளிலும் இல்லை. கம்பனி தரவேண்டும், கம்பனி தரவேண்டுமானால் பெரியவர் வாய் திறக்கவேண்டும்.

குழுவின் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா தினமும் காலையில், வெயில் ஏறுவதற்கு முன், கூடத்தில் நடந்து பழகினாள். சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். அவள் நடப்பதைப் பார்க்கப் பார்க்க நான் காலண்டரில் மீதி நாள்களை எண்ணினேன். மீண்டும் சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

இந்த முறை வண்டியைக் கண்காணிப்பில் சேர்த்துக்கொண்டார்கள். ஏ.சி. நிற்கிறதா இல்லையா என்று இரவு பகலாகப் பார்ப்பார்களாம். போய்ப் பார்த்தேன். கண்ணாடிச் சுவர் போட்ட ஓர் அறையில் என் கார் நின்றது. அறைக்கு ஏ.சி. போட்டிருந்தார்கள். இரண்டு பேர் ஸ்வெட்டர் அணிந்து கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

"வெயில்ல விட்டுப் பாருங்களேன்," என்றேன்.

"வெயில் ஒரே மாதிரி இருக்காது சார். அதை வெச்சு எப்படி டெஸ்ட் பண்றது?" என்றார் ஸ்வெட்டர்களில் மூத்தவர்.

மொழிப் பயிற்சி முடித்த மெக்கானிக்கும் அங்கே இருந்தார். சட்டை அதே நீலம்தான், ஆள் மாறியிருந்தார். "அன்னைக்கு கம்ப்ரஸர்னு சொன்னீங்களே?" என்று ஆசையோடு கேட்டேன்.

"அப்படி ஒரு கருத்து என்கிட்ட இருந்தது சார்," என்றார் அவர் மிருதுவாக. "இப்ப இல்ல."

அதோடு விட்டார்களா? குறை வண்டியில் இல்லை என்று கண்காணிப்பில் தெரிந்துவிட்டதால் அது என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, 'குளிர்ச்சியை உணர்வோம்' என்ற வகுப்புக்கு என்னை அழைத்தார்கள். வராவிட்டால் வாரன்டி கேள்விக்குள்ளாகும் என்பதால் போனேன். என்னைப்போல இன்னும் சிலர் வந்திருந்தார்கள். பயிற்றுநர் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். குளிர் வெளியிலிருந்து வருவதில்லை, அதை நாம்தான் வரவேற்கத் தவறுகிறோம் என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேக் கடைக்காரர் கையைத் தூக்கினார்.

"ஐயா, நான் வேணா வரவேற்கறேன். வண்டியில கேக்கு உருகுதுங்களே?"

"உருகறது கேக்கோட சுபாவம்," என்றார் பயிற்றுநர். "கேக்கு பேசல. நீங்கதான் கேக்கைச் சாக்கா வெச்சுப் பேசறீங்க."

முடிவில் எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்துக் கைதட்டினார்கள். கேக் கடைக்காரர் சான்றிதழால் விசிறிக்கொண்டே வெளியே வந்தார்.

வீட்டில் இதைச் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை. "நீ அங்க போய் என்னடா பேசறே?" என்று கேட்டாள்.

"நடந்ததைச் சொல்றேன்."

"அதான் தப்பு. அவங்க சொல்றதை ஒத்துக்கோ. ஒத்துக்கிட்டு, அடுத்த வரியை எழுதச் சொல்லு. தப்பாக் கணக்குப் போடற பசங்களை நான் அப்படித்தான் பிடிப்பேன். தப்புன்னு சொன்னா அழுவான். சரி, மேல போடுன்னா, அவனே போய் முட்டிக்கிட்டு நிப்பான்."

எனக்குச் சரியாக விளங்கவில்லை. ஆனால் அவள் டீச்சர் குரலில் பேசி வெகுநாளாகியிருந்தது. கேட்க நன்றாக இருந்தது.

குழுவின் நாள் விடிந்தது. இறுதித் தீர்வோடு வண்டியைக் காலையிலேயே தந்துவிடுவோம் என்று டைக்காரர் உறுதி சொல்லியிருந்தார். வெயில் ஏறுவதற்குள் அக்காவையும் அழைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கிருந்து நேராகக் கிளம்புவதாக ஏற்பாடு. வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். நடு ஹாலில் ஒரு வெள்ளிக் கோப்பை. அந்த ஆண்டு முழுக்க ஒரு 'போச்சு'கூட இல்லாத கிளை என்பதற்காக அதை வழங்க மண்டலத் தலைவரே அன்று விமானத்தில் வருகிறார் என்றாள் வரவேற்புப் பெண். அழைத்துவர டைக்காரரே போகிறாராம்.

அவர் கோட்டும் டையுமாக மணத்துக்கொண்டு வந்து, என் கையில் சாவியையும் ஒரு காகிதத்தையும் வைத்தார். வண்டி பூரண ஆரோக்கியத்துடன் உள்ளது என்று அதில் இருந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"உக்காருங்க," என்றாள் டைக்காரரிடம். அவர் அறியாமலே உட்கார்ந்தார். எத்தனை கோட்டு போட்டாலும் கணக்கு டீச்சர் குரலுக்கு முதுகுத்தண்டு கீழ்ப்படிந்துவிடுகிறது.

"வண்டியில ஒரு குறையும் இல்ல?"

"இல்லவே இல்ல மேடம்."

"ஏ.சி.?"

"மேடம், மனசைத் தொட்டுச் சொல்றேன். என் சொந்த வண்டியைவிட இது நல்லா குளிருது. என் குடும்பத்தையே இதுல ஏத்துவேன்."

"சரி, நான் ஒத்துக்கறேன். குடும்பமெல்லாம் வேண்டாம், நீங்க மட்டும் ஏறுங்க. எங்க சாவியை நீங்க வெச்சுக்கோங்க, உங்க சாவியை எங்ககிட்டக் கொடுங்க. பெரிய ஊர் வரைக்கும் போயிட்டு சாயங்காலம் வந்து மாத்திக்கறோம். நல்ல வண்டி உங்களுக்கு, சுமாரான வண்டி எங்களுக்கு. நஷ்டம் எங்களுக்குத்தானே?"

ஹாலில் காத்திருந்த வாடிக்கையாளர்கள் எல்லாரும் திரும்பினார்கள். கேக் கடைக்காரரும் அவர்களில் இருந்தார். "கொடுங்க சார், உங்களுதைவிட நல்ல வண்டி தானா வருது, வேண்டாம்னா சொல்வாங்க?" என்றார். யாரோ சிரித்தார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இப்போது கிளம்பினால்தான் குழுவின் நேரத்துக்குப் போக முடியும்.

டைக்காரர் முகத்தில் சந்தேகம் தெரியும் என்று நினைத்தேன். தெரியவில்லை. இதைத்தான் நான் இன்றைக்கும் நினைத்து நினைத்து வியக்கிறேன். சொல்லிச் சொல்லி அந்த மனிதர் தான் சொன்னதைத் தானே நம்பியிருந்தார்! எழுந்து நின்று, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஹாலைப் பார்த்துப் பேசினார்.

"இதுதான் எங்க கம்பனி! எங்க வேலைமேல எங்களுக்கு இருக்கற நம்பிக்கை! மேடம், இந்தாங்க என் சாவி. உங்க வண்டியிலதான் இப்ப விமான நிலையத்துக்கே போகப் போறேன். பெரியவரே உக்காந்து பாக்கட்டும்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். கோட்டுப் போட்ட நுணலை அன்றுதான் பார்த்தேன். ஆலோசகர் ஓடிவந்து, சாவிகள் கைமாறுவதைப் படம் எடுத்தார். இன்னொரு கோணத்தில் எடுக்கவேண்டும் என்று சாவியைத் திருப்பிக் கேட்டார். அக்கா அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

டைக்காரரின் கார் வழி முழுக்க மலைக்குகைபோலக் குளிர்ந்தது. ஊர் எல்லை வந்தபோது பழக்கதோஷத்தில் நான் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே தார் உருகி மின்னிக்கொண்டிருந்தது. உள்ளே அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு காலையும் நீட்டி, பாத விரல்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தபடி வந்தாள்.

குழுவின் அறையில் மூன்று டாக்டர்கள் இருந்தார்கள். துணைக்கு வந்தவர் கதவோரம் நிற்கலாம் என்றார்கள். அக்கா நடந்தாள். பரீட்சை அறையில் பிட் அடிப்பவனைப் பிடிக்க பெஞ்சுகளுக்கு நடுவில் நடப்பாளே, அந்த நடை. மேஜைவரை போய், திரும்பி, மறுபடி போனாள். கால் எங்கேயும் தயங்கவில்லை.

"சூடு பட்டா கால் மடங்கும்னு இதுல இருக்கே?" என்று நடுவில் இருந்த டாக்டர் கேட்டார்.

"மடங்கும். மடங்காதுன்னு பொய் சொல்ல மாட்டேன்," என்றாள் அக்கா. "நான் வெயில்ல பாடம் எடுக்கப்போறதில்ல. நிழலான வகுப்பா ஒண்ணு கொடுத்தாங்கன்னா, அறுபது வயசு வரைக்கும் நின்னே எடுப்பேன்."

டாக்டர் மற்ற இருவரையும் பார்த்தார். "சரிம்மா. ஸ்கூலுக்குப் போங்க," என்றார்.

குறை இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் அதைக் காதால் கேட்டு, அதற்கு என்ன செய்வது என்று யோசித்ததைப் பார்த்து எனக்கு வெகுநாள் ஆகியிருந்தது. கதவோரம் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். அக்கா வெளியே வந்து, "டேய், நடந்தது நான், உனக்கு ஏன்டா கால் ஆடுது?" என்றாள்.

மாலையில் திரும்பியபோது பலூன்கள் அப்படியே இருந்தன. உள்ளே எல்லாரும் மரணம் நடந்த வீட்டில்போல மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கார் பட்டறையில் பானெட் மூடி நின்றது. பக்கத்தில் ஒரு தட்டு; அதில் வெள்ளைத் துணி மூடி ஏதோ இருந்தது. நீலச் சட்டை மெக்கானிக் துணியை விலக்கிக் காட்டினார். கம்ப்ரஸர்.

"மாத்தியாச்சு சார்," என்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மொழிப் பயிற்சியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்து, கூடப் போயிருந்த ஆலோசகர் வாயிலாகத் தெரிந்ததை எங்களுக்குச் சொன்னார்.

பெரியவர் விமானத்திலிருந்து கோட்டோடு இறங்கினார். காரில் ஏறியதும் ஆகா என்ன குளிர் என்று பாராட்டினார். டைக்காரருக்குத் தலை கால் புரியவில்லை. பாலத்தின் மேல் டிராபிக் மறித்தது; நட்டநடு வெயில். கரகரவென்று சத்தம் வந்தது. அப்புறம் அனல் வந்தது. பெரியவர் ஜன்னலை இறக்கச் சொன்னார். டைக்காரர் மறுத்துவிட்டார்: ஜன்னலை இறக்கினால் குறை இருப்பதாக ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், கம்பனி விதியில் அதற்கு இடமில்லை. இது வண்டியின் சுபாவம் ஐயா என்றார். குளிரை வரவேற்கக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றார். பெரியவர் கண்ணை மூடினார். அவருக்கு அது தானாகவே மூடிக்கொண்டது என்று மெக்கானிக் நினைக்கிறார். கடைசியில், வேர்வை கோட்டைத் தாண்டிக் கோப்புகளில் சொட்ட, பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு ஓலமிட்டார்.

"போச்சுய்யா! எல்லாம் போச்சு! என் உயிரே போச்சு!"

பின் சீட்டில் ஆலோசகர் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தார். அவர் கடமை தவறாதவர். மண்டலத் தலைவர், தம் வாயால், வண்டிக்குள் இருந்தபடி, போச்சு என்று அறிவித்தார் என்று அந்த நொடியே தட்டிவிட்டார். எத்தனை வருடம் தூங்கியதோ அந்த சிஸ்டம், விழித்துக்கொண்டு உடனே அனுமதி கொடுத்தது. வண்டி பட்டறைக்குள் வருமுன்னே புதுக் கம்ப்ரஸர் வந்து காத்திருந்தது. எல்லாரும் சூழ்ந்து நின்று மாட்டினார்கள். அதுவரை கேட்வரை மட்டும் போய்ப் பழகியவர்கள், மாட்டியபின் வண்டியை ஊர் தாண்டி ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். நன்றாகக் குளிர்கிறதாம்.

"அப்ப உங்க கேக்குக்காரருக்கும் மாத்துவீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"பெரியவர் இந்த வண்டிக்குள்ள உக்காந்துதானே போச்சுன்னு சொன்னார் மேடம். அது இந்த வண்டிக்கு மட்டும்தான் செல்லும்," என்றார் மெக்கானிக் வருத்தத்தோடு.

டைக்காரர் தம் சாவியை வாங்கிக்கொள்ள வந்தார். கோட்டு இல்லை, டை மட்டும் சுருங்கி, நனைந்து காய்ந்து, நெஞ்சின் நடுவில் நின்றுவிட்டது. ஆனால் மனிதர் துளியும் தளரவில்லை. கோப்பை அவர்களுக்கே கிடைத்துவிட்டதாம். பெரியவர் வாயால் வந்த போச்சு, கிளையின் கணக்கில் சேராது என்று தீர்மானமாகிவிட்டதாம். பெரியவர் மேல்மாடியில் படுத்திருக்கிறார் என்றும், எழுந்தவுடன் எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பப்போகிறார் என்றும் சொன்னார்.

"இன்னைக்கு மத்தியானம் முழுக்க உக்காந்து ஆராய்ஞ்சோம் சார்," என்றார். "மூல காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டோம். இனிமே எந்த ஊர்லயும் எந்தக் கிளையிலயும் இந்தத் தப்பு நடக்காது."

என் மனம் இளகியது என்பதை மறைப்பானேன். ஒரு பெரிய மனிதருக்கு வேர்த்ததாலாவது மற்றவர்களுக்கு விடிந்ததே என்று நினைத்தேன். "நல்லதுங்க. கம்ப்ரஸர்ல என்ன கோளாறு?" என்று கேட்டேன்.

டைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கம்ப்ரஸரா? இல்ல சார். பெரியவரைக் கஸ்டமர் வண்டியில ஏத்தினது."